இடப்பக்கம் திரும்பாத கழுத்து

1

கொட்டும் மழையில் நிறுத்தத்தில் நின்ற ஒரு மூதாட்டியைப் பார்த்து, ஏறாதே என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான் ஒரு பஸ் டிரைவர். அப்படித்தான் புகார் வந்திருக்கிறது. அந்த டிரைவர் நான்தான். ஆனால் நான் அப்படிச் செய்யவில்லை. அதை டிப்போ மேலாளருக்கு விளக்கப் போய்த்தான் இப்போது வசமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் பஸ் ஓட்டுவது இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில். இங்கே சில நிறுத்தங்களுக்கு நேரக்கணக்கு உண்டு. சீக்கிரம் வந்துவிட்டால் குறித்த நேரம் வரும்வரை அங்கேயே நிற்க வேண்டும். அன்றும் அப்படித்தான் நின்றேன். கதவை இன்னும் திறக்கவில்லை. சும்மாதானே இருக்கிறோம் என்று, கழுத்து வலிக்காகச் சொல்லிக்கொடுத்திருந்த பயிற்சியை ஆரம்பித்தேன். மெதுவாக வலது தோளைப் பார்க்க வேண்டும், மெதுவாக இடது தோளைப் பார்க்க வேண்டும், திரும்பவும் வலது, திரும்பவும் இடது. வலிக்கும்போது எனக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். திறந்து பார்த்தால், சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு ஒரு பாட்டியம்மா நிறுத்தத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நேரம் வந்ததும் கிளம்பிவிட்டேன்.

டிரைவர் முகத்துக்கு நேராகவே ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். மேலாளர் அதில் பதிவானதைப் போட்டுக் காட்டினார். கண்ணை மூடி, முகத்தைச் சுளித்து, இல்லை இல்லை இல்லை என்று தலையாட்டும் ஒரு கொடூரமான ஆளைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பாட்டியம்மா இடத்தில் நான் இருந்தாலும் திரும்பித்தான் போயிருப்பேன்.

"அவரை ஏன் ஏற்றவில்லை?" என்றார்.

"மறுக்கவில்லை சார். அது உடற்பயிற்சி."

"என்ன பயிற்சி?"

"கழுத்துக்கு."

"கழுத்துக்கு என்ன?"

அந்த இடத்திலாவது வாயை மூடியிருக்கலாம். ஒன்றுமில்லை என்று சொன்னால் பயணியை மறுத்த டிரைவர் ஆவேன். வலி என்று சொன்னால் கழுத்து திரும்பாத டிரைவர் ஆவேன். இந்த இரண்டு பேரில் யாருக்கும் இந்த ஊரில் ஸ்டியரிங்கைக் கொடுக்க மாட்டார்கள். நான் வலி என்று சொல்லிவிட்டேன். மேலாளர் நல்ல மனிதர், புகாரை அங்கேயே மூடினார். கூடவே, "மருத்துவப் பரிசோதனை முடியும்வரை உன்னை வண்டியில் ஏற்ற எனக்கு அதிகாரம் இல்லை" என்றும் சொன்னார்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இது புரியாது. கழுத்து வலிக்கும் பஸ் ஓட்டுவதற்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் ஒருகாலத்தில் அப்படிக் கேட்டிருப்பேன்.

எனக்குக் கடலூர், செம்மண்டலம். முதலில் பண்ருட்டியிலிருந்து பலாப்பழ லோடு அடித்தேன். பிறகு சிதம்பரத்திலிருந்து குமராட்சி போகும் மினி பஸ்ஸுக்கு மாறினேன். நாற்று நடப் போகிற பெண்கள், உர மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், தண்ணீர் வந்துவிட்டால் பாதி வழியில் திரும்புகிற ரோடு. அந்த வண்டியின் கண்டக்டர் செல்வம். குமராட்சிக்காரன், என்னைவிடச் சின்னவன்.

அந்த வண்டியை ஓட்டிய பத்தாண்டில் நான் கழுத்தைத் திருப்பியதே இல்லை. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இடப்பக்கம் முழுவதும் செல்வத்தின் பொறுப்பு. படியில் தொங்கிக்கொண்டு, "ரைட்ல போ, போ, ஆளு இருக்கு, ஓல்டான்" என்று அவன் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டு நேராகப் பார்த்து ஓட்டுவேன். பின்னால் எடுக்க வேண்டுமா, அவன் இறங்கிப் போய் வண்டியின் தகரத்தைத் தட்டுவான். தட்டிக்கொண்டே இருந்தால் வரலாம், ஓங்கி ஒரே அடி அடித்தால் நிறுத்த வேண்டும். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில், டவுன் பஸ்ஸுக்கும் பூக்காரிக்கும் நடுவில், ஒரு சாண் இடம் விட்டு நிறுத்துவேன். பார்த்து நிறுத்தியதில்லை, கேட்டு நிறுத்தியதுதான்.

அந்தச் செல்வத்தின் அக்காதான் கலா. சிதம்பரத்தில் நர்சிங் படித்துவிட்டு எங்கள் வண்டியில்தான் வீட்டுக்குப் போவாள். எனக்கும் அவளுக்கும் கல்யாணம் ஆன அன்றே, அதுவரை அண்ணே என்ற செல்வம் மாமா என்றான். எனக்கும் அவன் மச்சான் ஆகிவிட்டான். பிறகு கலாவுக்கு இங்கே வேலை கிடைத்தது. நானும் மகன் ஆதியும் அவள் விசாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தோம். நர்ஸுகளின் புருஷன்மார்கள் பாதிப் பேர் இங்கே பஸ்தான் ஓட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்த தொழில் ஆயிற்றே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

முதல் நாளே பயிற்சி கொடுத்தவர் என்னை இறக்கிவிட்டார். "நீ ஏன் பார்க்கவே மாட்டேன் என்கிறாய்?" என்றார். பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்று முன்னால் காட்டினேன். அவர் என் தலையை இரண்டு கையாலும் பிடித்து இடது பக்கம் திருப்பிக் காட்டினார். கண் மட்டும் போனால் போதாதாம், தலையும் போக வேண்டுமாம். தேர்வு வைப்பவருக்குத் தலை திரும்புவது தெரிய வேண்டுமாம். இங்கே கண்டக்டர் கிடையாது. இடது கண்ணாடி, கதவு, சைக்கிள்காரன், தள்ளுவண்டியில் குழந்தை, எல்லாவற்றையும் என் கழுத்துதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செல்வம் செய்த வேலையையும் சேர்த்து என் கழுத்து ஏழு வருடம் செய்தது. பிறகு அது வேலைநிறுத்தம் ஆரம்பித்தது.

3

இங்கே டாக்டரைப் பார்க்கக் காலை எட்டு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் போன் போட வேண்டும். வரிசையில் இத்தனையாவது ஆள் என்று ஒரு குரல் சொல்லும். நம் முறை வரும்போது அன்றைய இடங்கள் தீர்ந்துபோயிருக்கும். ஒருவழியாகப் பேசக் கிடைத்தபோது, கழுத்து பிடித்துக்கொண்டது என்பதை என் இங்கிலீஷில், "மை நெக் இஸ் காட்" என்றேன். "எதில் மாட்டிக்கொண்டது? கதவிலா?" என்று போனை எடுத்த பெண் பதறிப்போய்க் கேட்டார். ஆம்புலன்ஸ் வராத குறை.

மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு பிசியோதெரபிக்குக் கூப்பிட்டார்கள். சின்ன வயதுப் பெண். சூடு வைப்பாள், கரண்ட் வைப்பாள், நன்றாக அமுக்கிவிடுவாள் என்று சட்டையைக் கழற்றத் தயாராகப் போனேன். அவள் என்னைத் தொடக்கூட இல்லை. திரும்பு, குனி, நிமிர் என்றாள். பிறகு ஒரு ரப்பர் பட்டையைக் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னாள்.

"கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்" என்றேன்.

"ஓய்வு கொடுத்தால் இன்னும் இறுகும். உங்கள் கழுத்துக்கும் தோளுக்கும் பலம் வேண்டும்."

"நாள் முழுக்கத் திருப்பிக்கொண்டுதானே இருக்கிறேன்? அது பயிற்சி இல்லையா?"

"உட்கார்ந்த இடத்திலேயே, தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரே மாதிரித் திருப்புகிறீர்கள். அது தேய்மானம்" என்றாள்.

தலையை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்புவது, தாடையை உள்ளே இழுப்பது, தோள்பட்டைகளைப் பின்னால் சேர்ப்பது, பட்டையை இழுப்பது, தினம் கொஞ்சம் வேகமாக நடப்பது. அவ்வளவுதான் வைத்தியம். எல்லோருக்கும் அடியோடு போய்விடும் என்று சொல்ல மாட்டேன், விடாமல் செய்கிறவர்களில் நிறையப் பேருக்குக் குறையும் என்றாள். ஒரே நாளில் வெறி பிடித்துச் செய்வதைவிடக் கொஞ்சமாக, ஆனால் விடாமல் செய்வதுதான் முக்கியமாம். "வலி போனதும் நிறுத்திவிடாதீர்கள். எல்லோரும் அங்கேதான் நிறுத்துகிறார்கள்" என்றாள்.

நானும் சரியாக அங்கேதான் நிறுத்தினேன். சில வாரம் செய்தேன், வலி குறைந்தது. குறைந்ததும் பட்டை சோபாவுக்கு அடியில் போய்விட்டது. வலி திரும்ப வந்ததும் சோபாவை நகர்த்தித் தேடினேன். இப்படியே எத்தனை தடவை. ஒரு வாரம் விடியற்காலை ஷிப்ட், மறு வாரம் ராத்திரி ஷிப்ட் என்று இருப்பவன் விடாமல் எதைச் செய்ய முடியும்? சாப்பாடே வேளைக்கு இல்லை.

"வலிச்சாதான் ஒங்களுக்கு என் ஞாபகம் வருது" என்பாள் கலா. "வலி வுட்டுதுன்னா பட்டையும் வாணாம், நானும் வாணாம்."

திட்டிக்கொண்டே பின்னால் வந்து நிற்பாள். "தோள எறக்குங்க. காதுக்கு ஏத்தாதீங்க. மூச்சப் புடிக்காதீங்க." வார்டில் நோயாளிகளை அதட்டுகிற அதே குரல். ஆதி மாடியிலிருந்து இறங்கி வருவான். ஜிம்முக்குப் போகிறவன், பதினாறு வயது. போனிலிருந்து தலையை எடுக்காமல், "அப்பா, யூ ஆர் நாட் கன்சிஸ்டன்ட்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விடுவான். தமிழில் திட்டினாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசலாம். அவன் எங்களோடு தமிழ் பேசுவதை எப்போது விட்டான் என்றே தெரியவில்லை.

4

போன முறை லீவில் ஊருக்குப் போனபோது செல்வம் என்னைச் சிதம்பரத்தில் ஒரு சலூனுக்குக் கூட்டிப்போனான். "அங்க இன்னாத்துக்கு மாமா பட்டையப் புடிச்சி இழுத்துக்கினு? இவர் ஒரு சொடுக்கு எடுத்தாருன்னா போதும்" என்றான். முடி வெட்டிய கையோடு சலூன்காரர் என் தாடையைப் பிடித்து இடப்பக்கம் ஒரு வெட்டு வெட்டினார். சடக். சொர்க்கம் தெரிந்தது. இரண்டு நாள் ராஜா மாதிரி நடந்தேன். மூன்றாம் நாள் குனிந்து இலையில் என்ன இருக்கிறதென்று பார்க்க முடியவில்லை.

அதே லீவில்தான் பஸ் ஸ்டாண்டில் பழைய வண்டியைப் பார்த்தேன். பெயின்ட் மட்டும் புதுசு. இப்போதைய டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். "மாமா, நீங்களே பின்னாடி எடுத்து வுடுங்களேன், ஆசையா இருக்கு" என்றான் செல்வம். ஏறி உட்கார்ந்தேன். அவன் பின்னால் போய்த் தகரத்தைத் தட்ட ஆரம்பித்தான். வா வா வா என்று அதே தாளம்.

நான் ரிவர்ஸ் போட்டேன். கால் கிளட்சை விட மறுத்தது. தட்டு கேட்கிறது, வா என்கிறது, ஆனால் என்னால் வர முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வலியைப் பொறுத்துக்கொண்டு, திரும்பிப் பார்த்தேன். இடது கண்ணாடியைப் பார்த்தேன். திரும்ப வலது. பிறகுதான் வண்டி நகர்ந்தது.

தட்டு நின்றுவிட்டது. செல்வம் முன்னால் வந்தான்.

"இன்னா மாமா, நாந்தான் பின்னாடி நிக்கிறன்ல?"

"பழக்கம்டா மச்சான்."

சிரித்தான். நானும் சிரித்தேன். அவனுக்கு மனசு விட்டுப்போனது எனக்குத் தெரிந்தது. இங்கே திரும்பிப் பார்க்க முடியாதவன், அங்கே திரும்பிப் பார்க்காமல் ஓட்ட முடியாதவன். எந்த ஊர் வண்டிக்கும் லாயக்கில்லாத டிரைவராகிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. டீக்கடைப் பக்கம் போய்விட்டேன்.

இப்போது பரிசோதனை என்று தெரிந்ததும் அவனுக்குத்தான் முதலில் போன் போட்டேன்.

"வலி இல்லன்னு சொல்லிடுங்க மாமா" என்றான். "கழுத்து ஒங்குளுது. அவுங்குளுக்கு எப்டி தெரியும்?"

"திருப்பச் சொல்லுவாங்கடா."

"பல்லக் கடிச்சிக்கினு திருப்புங்க. ஒரு நிமிசம்தானே?"

ஒரு நிமிடம் என்றால் திருப்பிவிடுவேன். நாள் முழுக்க, இடப்பக்கத்தில் ஒரு சைக்கிள் பையன் வருகிறானா என்று பார்க்க வேண்டுமே. பார்க்காமல் விட்ட அந்த ஒரு தடவை என்ன ஆகும்? அதை அவனிடம் சொல்லவில்லை. "சரி மச்சான்" என்று வைத்துவிட்டேன்.

5

பரிசோதனையில் நான் பல்லைக் கடிக்கவில்லை. இடப்பக்கம் திருப்பச் சொன்னார்கள், பாதியில் நின்றது. வலிக்கிறதா என்றார்கள், வலிக்கிறது என்றேன். சில வாரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, பயிற்சியை ஒழுங்காகச் செய்து மறுபடி வந்து காட்டு, அப்போதும் இப்படியே இருந்தால் யோசிக்க வேண்டும் என்றார்கள். யோசிக்க வேண்டும் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதுவரை டிப்போவில் பயணிகள் விட்டுப்போன பொருட்களைப் பார்த்துக்கொள்ளும் அறையில் உட்கார வைத்தார்கள். ஒற்றைக் கையுறைகள், குடைகள், ஒரு பல்செட். ஜன்னல் இல்லாத அறை. பஸ்கள் வெளியே போவது சத்தமாக மட்டும் கேட்கும். பஸ்ஸின் கேபினில் கண்ணாடித் தடுப்பு, கேமரா, நேரக்கணக்கு என்று எனக்கு மூச்சு முட்டும். இங்கே அது எதுவும் இல்லை. ஆனாலும் மூச்சு முட்டியது.

ஒரு நல்லது நடந்தது. நேரம் தவறாத வேலை கிடைத்ததால் பயிற்சியும் நேரம் தவறவில்லை. காலையில் பட்டை, மதியம் டிப்போ சுவரோரமாகத் தோள்பட்டைப் பயிற்சி, சாயங்காலம் ஒரு நடை. முதலில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இதெல்லாம் ஏமாற்று வேலை என்று நினைத்தேன். ஒருநாள் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள், திரும்பினேன். திரும்பிய பிறகுதான் திரும்பினோமே என்று தோன்றியது. சந்தோஷத்தில் கலாவுக்குப் போன் போட்டேன். அவள் டியூட்டியில் இருந்தாள், எடுக்கவில்லை.

6

குடும்பமாக எங்கே போனாலும் கார் ஓட்டுவது நான்தான். அது தொழில் திமிர். கலா வேலைக்குப் போகும்போது அவளே ஓட்டிப் போவாள், போகிற வழியில் ஆதியைப் பள்ளியில் விடுவாள். அந்நேரத்துக்கெல்லாம் நான் பஸ்ஸில் இருப்பேன், இல்லாவிட்டால் தூங்கிக்கொண்டிருப்பேன். அதனால் கலா ஓட்டும் காரில் நான் உட்கார்ந்ததே இல்லை.

இப்போது எனக்கும் காலை வேலை. கார்கூட ஓட்டக் கூடாது என்று கலா சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். முன் சீட்டில் நான் ஏறினேன். ஆதி அங்கேதான் உட்காருவானாம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் போனான்.

தெருமுனையில் மெயின் ரோட்டில் சேர வேண்டும். கலா நிறுத்தினாள். வலப்பக்கம் பார்த்தாள். நின்றாள். பின்சீட்டிலிருந்து ஆதி இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டினான்.

"போலாம்மா" என்றான்.

போனாள். அடுத்த முனையிலும் அப்படியே. "இரும்மா, வேன் வருது. ம், இப்ப போலாம்." பையன் வாயிலிருந்து தமிழ் வருகிறதே என்று நான் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். மடையன்.

ஆதி பள்ளியில் இறங்கிப் போனான். அடுத்த முனை. கலா நிறுத்தினாள். வலப்பக்கம் பார்த்தாள். இடப்பக்கம் பார்க்கத் தோளைத் திருப்பினாள், இடுப்பைத் திருப்பினாள், சீட்டில் பாதி எழுந்து மொத்த உடம்பையும் திருப்பினாள். தலை மட்டும் தோளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்தான்.

"இன்னாங்க, அந்தப் பக்கம் வண்டி வருதான்னு பாருங்க" என்றாள், என்னைப் பார்க்காமல்.

நான் பார்த்துச் சொன்னேன். கொஞ்ச தூரம் போனதும், "ஓரமா நிறுத்து" என்றேன். நிறுத்தினாள்.

"எத்தினி நாளா?"

"எது எத்தினி நாளா?"

"கலா."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். "ரெண்டு வருசம் இருக்கும். வார்டுல ஆள தூக்கித் தூக்கி வந்தது. மொதல்ல வலது தோளுல இருந்தது."

"வேலையில சொன்னியா?"

"இல்ல."

"ஆதிக்கு மட்டும் எப்டி தெரியும்?"

"ஒருநாள் இடிக்கப் பாத்தேன். அதுலேர்ந்து அவன்தான் பாத்துச் சொல்றான். நாந்தான் ஒங்ககிட்ட சொல்ல வாணாம்னேன்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். வீட்டில் தலையைத் தூக்காத பையன் என்று நான் நினைத்தவன் தினமும் அம்மாவுக்காக ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான். நான் பார்க்கவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க மொதல்ல சொல்லிட்டீங்க" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள். "ஒரு வூட்டுல ஒருத்தருக்குத்தாங்க வலி வரலாம். ரெண்டு பேரும் சொன்னா ரெண்டு பேரையும் ஒக்கார வச்சிடுவாங்க. அப்பறம் அவன் படிப்பு இன்னா ஆவறது?"

"தோள எறக்கு, மூச்சப் புடிக்காதன்னு எனக்குப் பின்னாடி நின்னு அவ்ளோ சொன்னியே. நீ ஒரு நாளாவது செஞ்சியா?"

"எப்ப?" என்றாள்.

அவள் ஷிப்ட், என் ஷிப்ட், சமையல், துணி, என் கழுத்து. அவள் கழுத்துக்கு எந்த நேரத்தை ஒதுக்குவது? இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சொல்லிவிடு என்று வாய்வரை வந்தது. ஆனால் நான் திரும்ப ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால்தான் அவள் சொல்ல முடியும். எனக்கு அடுத்த பரிசோதனை இன்னும் வரவில்லை. அதுவரை அவள் ஆட்களைத் தூக்க வேண்டும்.

"நேரமாச்சி" என்று வண்டியைக் கிளப்பினாள். ஓரத்திலிருந்து போய், ஆஸ்பத்திரி ரோட்டில் சேர்கிற இடத்தில் நிறுத்தினாள். வலப்பக்கம் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் நேராகப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

நான் இடப்பக்கம் திரும்பினேன். முன்பு நின்ற இடத்தைத் தாண்டித் திரும்பியது. கடைசியில் வலித்தது. கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

"சைக்கிள் வருது, இரு" என்றேன். அந்தச் சைக்கிள் பையன் எங்களைக் கடந்து போகும்வரை தலையைத் திருப்பிய இடத்திலேயே வைத்திருந்தேன்.

"இப்ப போ."